எண்ணூர்க் கழிமுகத்தில் வாடகைப் படகு: மே 2024 நாட்குறிப்பு

2024 மே 4, சனி

டிசம்பர் விடுமுறைக்கு அந்தமான் போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. இப்போதே போனால் என்ன என்று மகன் கேட்டான். மே மாதம் பாதி கடந்ததுமே தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும் என்பதால் அது நடக்காது. சுவராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், ஒரு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து, கண்டல் மரங்களுக்கிடையே தானே ஓட்டிச் செல்லவேண்டும் என்பது அவன் ஆசை. தண்டையார்பேட்டையில் பிறந்து, காசிமேட்டு மீனைத் தின்று வளர்ந்தவர்கள்தாம் நாங்கள் என்றாலும், எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இதுவரை துடுப்பைத் தொட்டதில்லை.

அதற்கு முன்பே இங்கே படகு ஓட்டப் பழகிக்கொள்வது என்று தீர்மானித்தோம். மீன்பிடித் தடைக்காலம் இதற்கு வசதியாக அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பதால், லாஞ்சு டிரைவரான மனைவியின் மாமா கரையில்தான் இருக்கிறார். அவருடைய உறவினர் ஒருவர் எண்ணூர் காட்டுக்குப்பத்தில் இன்ஜின் பொருத்திய சிறிய பைபர் படகு வைத்திருக்கிறார். ஒரு காலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், பெட்ரோல் தனி, மாமா உடன் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு படகு கிடைத்தது.

இன்று படகைத் தண்ணீரில் இறக்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசிய புயல்காற்றின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையில் வந்து மோதும் என்று ஐதராபாத் கடல் தகவல் மையம் எச்சரித்திருக்கிறது. கள்ளக்கடல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கழிமுகத்துக்குள் அவ்வளவு தெரியாது என்று படகுக்காரர் சொல்லிப்பார்த்தார்; மாமா அசையவில்லை.

ஆகையால் மணலில் நின்றபடியே இன்ஜின் பாடம் நடந்தது. பெட்ரோல் டாங்க் மூடியில் உள்ள சிறிய காற்றுத் திருகைத் திறக்கவேண்டும். குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் குமிழைக் கல்லாக இறுகும்வரை அழுத்தவேண்டும். கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கயிற்றை இழுக்கவேண்டும். இன்ஜினின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகின் அணியம், அதாவது முன்பக்கம், இடப்பக்கம் திரும்பும் என்பதை, இன்ஜினை நிறுத்தி வைத்தே மகனைப் பலமுறை செய்யவைத்தார்.

2024 மே 7, செவ்வாய்

நேற்றுக் குமரி மாவட்டத்தில், லெமூர் கடற்கரையில், பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. செய்தியைப் படித்த பிறகு, சனிக்கிழமை படகை இறக்காததைப் பற்றி வீட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை.

மாலையில் ராயபுரத்தில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் மூவருக்கும் உயிர்காப்பு அங்கி வாங்கினேன். படகுக்காரரிடம் இருந்தவற்றில் பட்டைகள் இற்றுப்போயிருந்தன. மாட்டிக்கொண்ட பிறகு வேறொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கவேண்டும். அங்கி காதுவரை ஏறி வந்தால் அளவு பெரிது என்று பொருள். மகனுக்கு எடுத்த முதல் அங்கி அப்படியே ஏறியது, மாற்றினோம்.

அங்கி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பழவேற்காடு ஒன்றே போதும். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே உல்லாசமாகப் படகேறிப் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். நம் ஊருக்கு வடக்கே, ஒரு மணி நேரப் பயணத்தில் நடந்த அந்தச் சாவுகளை ஊரே மறந்துவிட்டது என்பது என் வருத்தம்.

2024 மே 8, புதன், அமாவாசை

அதிகாலை ஐந்தரைக்கே மாமா அவசரப்படுத்தினார். அமாவாசையன்று காலை எட்டு மணியையொட்டி ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், உச்சத்துக்கு ஏறி, பிறகு வற்றத் தொடங்கும். வற்றும் நீர் கழிமுகத்திலிருந்து கடலை நோக்கி ஓடும். மே மாதக் காலையில் கச்சான் காற்றும் மேற்கிலிருந்து கடலை நோக்கித்தான் வீசுகிறது. இரண்டும் ஒரே பக்கம் தள்ளும் நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டால், படகு போய்ச் சேரும் இடம் முகத்துவாரம். அங்கே மணல் திட்டின்மேல் அலை உடைந்துகொண்டிருக்கும். ஆகவே ஏற்றத்தின்போது புறப்பட்டு, அது முடியும் முன்பே கரையேறிவிடவேண்டும். வாடகை எவ்வளவு, இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்று நான் விசாரித்த அளவுக்கு எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று விசாரிக்கவில்லை. அவரோ அதை மட்டுமே விசாரித்தார்.

"மொதல்ல காத்துக்கு எதுரா போய்டு மாப்ள, திரும்பி வர்றப்போ காத்தே தள்ளிக்கினு வரும்" என்றார். அப்படியே மேற்கே, கொசஸ்தலை ஆற்றின் பக்கமாகப் போனோம்.

இன்ஜின் ஓடும்போது அதன் பின்புறத்திலிருந்து பென்சில் தடிமனில் ஒரு நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும். குளிர்விக்கும் நீர் சுற்றி வருவதற்கு அதுவே சாட்சி. கொஞ்ச நேரத்தில் அந்தத் தாரை இளைத்துச் சொட்டாகியது. மாமா உடனே இன்ஜினை நிறுத்தித் தூக்கி, நீர் உறிஞ்சும் சல்லடையை விரலால் வழித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில், முகப்பூச்சு மாவைப்போல நைசாக ஒரு சேறு. அனல் மின் நிலையச் சாம்பல் இந்தக் கழிமுகத்தின் அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைக் கட்டுரைகளில் படித்ததைவிட அவர் விரல் நுனியில் நன்றாகத் தெரிந்தது. ஆழம் இடுப்பளவுகூட இல்லாத இடங்களில் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழியை ஊன்றித்தான் தள்ளினோம்.

2024 மே 11, சனி

இன்று மகன் ஓட்டினான். இன்ஜினை நிறுத்தும் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிய பிறகே கைப்பிடியைக் கொடுத்தார் மாமா; ஓட்டுபவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும், நீருக்குள் சுழலும் இன்ஜின் விசிறி அவரை நோக்கித் திரும்பி வராது.

படகுக்கு பிரேக் இல்லை என்பது சொல்லிப் புரிவதில்லை. கரையை நெருங்கும்போது வெகு முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, காற்றை எதிர்த்த முகமாக வந்தால், கடைசி சில அடிகளில் காற்றே படகை நிறுத்திவிடுகிறது. காற்று முதுகில் இருக்க வந்தால் மூக்கு கரையில் குத்தும். அவன் இதைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து மாமா சிரித்தார். எனக்கு இன்னும் கைப்பிடியின் எதிர்த்திசை பழகவில்லை; பழகும்.

நண்டு வலைக்காரர்களின் தெர்மகோல் மிதவைகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் தள்ளிச் சுற்றித்தான் போகவேண்டும். அது விசிறிக்கும் நல்லது, அவர்கள் பிழைப்புக்கும் நல்லது. கண்டல் செடிகளின் அடித்தண்டில், போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இன்னமும் கறுப்புக் கோடாக இருக்கிறது. கை வைத்தால் ஒட்டுகிறது. விடுமுறைக்குக் கூட்டி வரும் இடமா இது என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அலை இல்லாத நீரும், நேரம் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் கிடைத்தது இங்கேதான்.

2024 மே 15, புதன்

பத்து மணி வரை ஓட்டினோம். இன்று வளர்பிறை அட்டமி என்பதால் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு, நீரோட்டமும் மந்தம். பழகுபவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமியைவிட இந்த நாட்களே ஏற்றவை. நடுப்பகலில் காற்று கிழக்கே திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும் முன்பே கரையேறிவிட்டோம். அக்னி நட்சத்திர வெயில் வேறு.

2024 மே 25, சனி

வங்கக் கடலில் புயல் உருவாகிக்கொண்டிருக்கிறது. வங்கத்தின் பக்கம்தான் போகும் என்றாலும் படகுகளை மேட்டில் ஏற்றிவிட்டார்கள். மாமா இன்று வீட்டுக்கு வந்து நண்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு, அந்தமானில் படகு வாடகைக்கு விடும் கடைக்காரரிடம் கேட்கவேண்டியவற்றை மகனை எழுதவைத்தார். அங்கே பௌர்ணமியையொட்டி ஓதம் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும், சென்னையில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆகவே கண்டல் காட்டு ஓடைக்குள் எந்த மணியில் நீர் இருக்கும், எந்த மணியில் சேறுதான் மிஞ்சும் என்பது முதல் கேள்வி. உவர்நீர் முதலை எந்தப் பக்கம் தென்பட்டிருக்கிறது என்பது அடுத்தது. 2010இல் நாங்கள் போகவிருக்கும் அதே சுவராஜ் தீவில் ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. படகில் முன்பே இருக்கும் கீறல்களைப் புறப்படும் முன் கைப்பேசியில் படம் எடுக்கலாமா, அங்கியைப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா, நாங்கள் திரும்பவில்லை என்றால் எத்தனை மணிக்குத் தேடி வருவீர்கள் என்பவை மற்றவை. கடைசிக் கேள்விக்கு மணியைச் சொல்லாமல் "ஒன்னும் ஆகாது சார்" என்று எவர் சொன்னாலும், முன்பணம் கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போய்விடச் சொன்னார்.