சும்மா இருந்தவன் பார்த்த வேலை

இரவு 2.20-க்கு போன் வந்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி. அன்று இரவுப் பணி அவனுக்கு.

"அக்கா, டேட்டாபேஸ் ஹேங் ஆயிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமா?"

"எதையும் தொடாதே, வர்றேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

பன்னிரண்டு வருடமாக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'ஹேங்' என்ற சொல்லுக்கு ஏழெட்டு அர்த்தம் பார்த்தாகிவிட்டது. சிபியு முழுக்க ஓடினாலும் ஹேங், டிஸ்க் நிறைந்தாலும் ஹேங், நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் இணைப்பை அறுத்துவிட்டாலும் ஹேங். அன்றைக்கு சிபியு 4 சதவீதம். டிஸ்க்கில் பெரிதாக எழுத்தும் இல்லை, படிப்பும் இல்லை. மெமரி தாராளம். வேலை தாங்காமல் மூச்சு வாங்கும் சர்வர் இப்படி இருக்காது. உள்ளே எல்லோரும் எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தால்தான் இத்தனை அமைதி வரும்.

அப்ளிகேஷன் பக்கம் 'இடமில்லை' என்ற பிழைச்செய்தி கொட்டிக்கொண்டிருந்தது. 200 இணைப்புகள்வரை அனுமதித்திருந்தோம், அதில் அப்ளிகேஷனுக்கான அத்தனையும் நிரம்பிவிட்டன. நான் மட்டும் எப்படி உள்ளே போனேன் என்றால், போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசருக்கென்று (முழு அதிகாரம் உள்ள பயனர்) 3 இடத்தை டிஃபால்ட்டாக ஒதுக்கி வைத்திருக்கும். (இதனால்தான் அப்ளிகேஷனை சூப்பர்யூசராக இணைக்காதீர்கள் என்று தலையால் தண்ணீர் குடித்துச் சொல்கிறேன். அது அந்த 3 இடத்தையும் விழுங்கிவிட்டால் நாம் வாசலில் நிற்க வேண்டியதுதான்.)

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்தேன். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு நாடி பார்ப்பது மாதிரி அது. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யார், எங்கிருந்து, என்ன நிலை, எதற்காகக் காத்திருக்கிறார். 180-க்கும் மேற்பட்ட வரிகளில் நிலை 'ஆக்டிவ்', காத்திருப்பு 'லாக்', அதாவது பூட்டு. எல்லாமே ஒரே டேபிள்மேல் சின்னச் சின்ன செலக்ட் (தகவலைப் படித்து எடுக்கும் கட்டளை). வழக்கமாக 2 மில்லிசெகண்டில் முடிகிறவை. அன்று 15 நிமிடமாக நின்றுகொண்டிருந்தன.

போனில் தம்பி கேட்டான்: "இவ்ளோ செலக்ட் நிக்குதே, எல்லாத்தையும் கில் பண்ணிடலாமா அக்கா?"

ஆரம்ப காலத்தில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கொன்ற வேகத்தில் அப்ளிகேஷன் மறுபடி இணைந்து, அதே செலக்ட்டை அனுப்பி, அதே இடத்தில் வந்து நிற்கும். ஓடிக்கொண்டிருப்பவரைத்தான் கண் முதலில் பார்க்கிறது. ஆனால் அடிபட்டவரும் அங்கேதான் இருப்பார். அடித்தவரைக் கண்டுபிடிக்க வேறு கேள்வி கேட்க வேண்டும்: யார் யாரைத் தடுக்கிறார்கள்?

போஸ்ட்கிரெஸ் 9.6-இல் இதற்கென்றே பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் வந்தது. காத்திருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தால், அவரைத் தடுப்பவரின் எண்ணைத் திருப்பித் தரும். அதற்கு முன்பெல்லாம் பிஜி_லாக்ஸ் டேபிளைத் தன்னோடு தானே ஜாயின் செய்து, முக்கால் பக்கத்துக்கு ஒரு க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதி வைத்திருப்போம். இப்போது ஒரு வரி போதும்.

காத்திருந்த அத்தனை செலக்ட்டும் பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் கைகாட்டின. அந்த ஆள் ஒரு ஆல்ட்டர் டேபிள். இரவு 2 மணிக்குத் தானாக நடக்கும் டிப்ளாய்மென்ட்டில் (புதிய பதிப்பை ஏற்றும் வேலை), டேபிளில் ஒரு காலம் (column, நெடுவரிசை) சேர்க்கும் கட்டளை. 11-ஆம் பதிப்பிலிருந்து நிலையான டிஃபால்ட் மதிப்போடு காலம் சேர்த்தாலும் டேபிளை முழுதாகத் திரும்ப எழுதுவதில்லை, கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். அதனால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

"கிடைச்சுட்டான்" என்றான் தம்பி.

"இரு. இவனும் காத்துக்கிட்டுதான் இருக்கான். இவன் எண்ணைப் போடு."

போட்டான். ஒரே ஒரு எண் வந்தது. அந்த வரியைப் போய்ப் பார்த்தால், லாக் கேட்டு நிற்கவில்லை, அடுத்த கட்டளை வரட்டும் என்றுதான் காத்திருப்பு. நிலை: 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்'. அதாவது ஒரு டிரான்சாக்ஷனை (ஒன்றாகச் சேர்த்து முடிக்க வேண்டிய வேலைத் தொகுப்பு) திறந்துவிட்டு சும்மா இருக்கிறார். டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரம் முந்தைய நாள் மாலை 3.12. க்வெரி நெடுவரிசையில் ஒரு சாதாரண செலக்ட், அதே டேபிளிலிருந்து ஒரே ஒரு வரியை எடுப்பது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. அந்த நெடுவரிசையில் ஒரு செலக்ட் தெரிவதால் அது இப்போது ஓடுகிறது என்று நினைத்துவிடுவார்கள். ஐடில் நிலையில் இருப்பவருக்கு அங்கே தெரிவது கடைசியாக ஓடி முடிந்த க்வெரி. இந்த செலக்ட் மாலையே முடிந்துவிட்டது. அதை முடித்தவர்தான் டிரான்சாக்ஷனை முடிக்கும் கமிட்டும் கொடுக்கவில்லை, ரத்து செய்யும் ரோல்பேக்கும் கொடுக்கவில்லை.

படிக்கத்தானே செய்தார், அதற்கு எதற்கு லாக் என்று கேட்பார்கள். செலக்ட்டும் ஒரு லாக் எடுக்கும். 'ஆக்சஸ் ஷேர்' என்று பெயர், இருப்பதிலேயே மிகச் சாதுவானது. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம், எழுதுபவர்களையும் தடுக்காது. ஆனால் க்வெரி முடிந்ததும் அது விடுபடாது, டிரான்சாக்ஷன் முடிந்தால்தான் விடுபடும். ஆல்ட்டர் டேபிள் கேட்பதோ 'ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்'. டேபிளில் வேறு யாருமே இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அந்த ஒருவர் எழுந்து போகும்வரை அது நிற்க வேண்டும். அது நின்ற பிறகு வருகிற செலக்ட்டுகள், உள்ளே இருப்பவரோடு அவற்றுக்குச் சண்டையே இல்லை என்றாலும், அதன் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். அறையில் ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். பெயின்ட் அடிக்க வந்தவர் 'அறை காலியாகட்டும்' என்று வாசலில் நிற்கிறார். பின்னால் படிக்க வந்தவர்கள் எல்லாம் பெயின்ட்டருக்குப் பின்னால். அறைக்குள் இன்னும் நூறு நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் கொடுத்து அந்த ஒருவரை வெளியே அனுப்பினேன். என்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் 180 இணைப்புகளும் கரைந்துவிட்டன. தம்பி போனில் "ஐயோ" என்றான். சந்தோஷத்தில்தான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அவன் கேட்டபடி ரீஸ்டார்ட் செய்திருந்தாலும் அன்று சரியாகியிருக்கும். சும்மா இருந்தவரும் சேர்ந்து வெளியே விழுந்திருப்பார். ஆனால் காரணமும் கூடவே அழிந்திருக்கும். அடுத்த மாதம் இன்னொரு 2.20-க்கு மறுபடி போன், மறுபடி ரீஸ்டார்ட், அப்புறம் 'இந்த சர்வர் அப்படித்தான், அடிக்கடி ஹேங் ஆகும்' என்று ஒரு ஐதீகம். அப்படி ஐதீகம் ஒட்டிக்கொண்ட சர்வர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் அவனிடம் சொல்லிவைத்தேன். பொறுமை போய் லினக்ஸிலிருந்து கில் மைனஸ் ஒன்பது (பிராசஸை அந்த நொடியே கொல்லும் கட்டளை) கொடுத்துவிடாதே. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி பிராசஸ்தான், ஆனால் மெமரி பொதுவானது. ஒரு பிராசஸ் அப்படிச் செத்தால், பொது மெமரி கெட்டிருக்கலாம் என்று நினைத்து சர்வர் மற்ற எல்லா இணைப்புகளையும் வெட்டிவிட்டு ரிக்கவரிக்குப் போய்விடும். ஒரு ஆளை அனுப்பப் போய் ஊரையே காலி செய்த கதையாகிவிடும்.

மறுநாள் காலை அந்த மாலை 3.12 யார் என்று பார்த்தோம். எங்கள் பக்கத்து இருக்கைக்காரர்தான். ஒரு வாடிக்கையாளர் பதிவைச் சரிபார்க்க, கிராஃபிக் கருவி ஒன்றில் ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளைக்கும் தானாகவே கமிட் கொடுப்பது) அணைத்துவிட்டு செலக்ட் போட்டிருக்கிறார். ஜாக்கிரதையான மனிதர், தவறுதலாக எதையும் மாற்றிவிடக் கூடாது என்றுதான் அணைத்து வைத்திருந்தாராம். பதிவைப் பார்த்தார், சரி என்றார், லேப்டாப்பை சார்ஜில் போட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பதினொரு மணி நேரம் ஒருவரைச் சும்மா உட்காரவிட்ட கட்டமைப்பு என்னுடையது.

அன்றே ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டை வைத்தேன். இதுவும் 9.6-இல் வந்ததுதான், ஆனால் டிஃபால்ட் 0, அதாவது எல்லையே இல்லை. மனிதர்கள் பயன்படுத்தும் ரோல்களுக்கு 10 நிமிடம், அப்ளிகேஷனுக்கு 1 நிமிடம். ரோல் வாரியாக ஆல்ட்டர் ரோல் வழியாகவே வைக்கலாம், சர்வர் முழுக்கப் போட வேண்டியதில்லை. டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட்டில் ஆல்ட்டர் டேபிளுக்கு முன்னால் லாக்_டைம்அவுட் 3 செகண்ட். கிடைக்கவில்லை என்றால் விலகிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கட்டும். வாசலை மறித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

ஒரு இடைச்செருகல். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன் இருந்தால் வேக்யூம் நின்றுவிடும்' என்று பலரும் சொல்வார்கள். (வேக்யூம் என்பது செத்த பழைய வரிகளைத் துப்புரவு செய்யும் வேலை.) பாதி உண்மை. ரீட் கமிட்டட் என்ற வழக்கமான நிலையில், படிக்க மட்டும் செய்துவிட்டுச் சும்மா இருப்பவரிடம் ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் படம்) இருக்காது. ஒவ்வொரு க்வெரி முடிந்ததும் அது கைவிடப்படும். எங்கள் பக்கத்து இருக்கைக்காரர் அந்த வகை. லாக்கைப் பிடித்திருந்தாரே தவிர வேக்யூமைக் கெடுக்கவில்லை. ஒரு வரியாவது எழுதிவிட்டுச் சும்மா இருந்தாலோ, ரிப்பீட்டபிள் ரீடில் (டிரான்சாக்ஷன் முழுக்க ஒரே படத்தைப் பார்க்கும் நிலை) இருந்தாலோ, கர்சரைத் (முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் வழி) திறந்து வைத்திருந்தாலோதான் செத்த வரிகள் குவியும். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பேக்கெண்ட்_எக்ஸ்ஐடி, பேக்கெண்ட்_எக்ஸ்மின் என்ற இரண்டு நெடுவரிசையும் காலியாக இருந்தால் அவரை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடலாம். ரீஸ்டார்ட்டுக்கும் சாகாத இன்னொரு வகை உண்டு: பிரிப்பேர்டு டிரான்சாக்ஷன், கடைசி கமிட்டுக்காகத் தயார்செய்து வைக்கப்பட்டது. ஆக்டிவிட்டி பட்டியலிலேயே வராது, பிஜி_பிரிப்பேர்டு_எக்ஸாக்ட்ஸில் போய்த் தேட வேண்டும். நல்லவேளை, டிஃபால்ட்டாக அது அணைக்கப்பட்டிருக்கும்.

சும்மா இருந்தவரைப் பற்றிப் பேசிவிட்டு என் கதையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

அதற்கு முந்தைய வருடம். டிஸ்க் 90 சதவீதம் என்று அலாரம். டேபிள்களின் அளவைக் கூட்டிப் பார்த்தால் மொத்தமே 200 ஜிபிதான் வருகிறது, டிஸ்க்கோ ஒரு டெராபைட். மீதி எங்கே? பிஜி_வால் ஃபோல்டருக்குள் 700 ஜிபி. ஒவ்வொன்றும் 16 எம்பி, நாற்பதாயிரத்துக்கும் மேல் ஃபைல்கள். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை பதில் சொல்லவே யோசித்தது.

வால் (WAL) என்பது என்ன நடக்கப்போகிறதோ அதை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவேடு. சர்வர் திடீரென்று விழுந்தால் அதைப் படித்துத்தான் எழுந்திருக்கும். 10-ஆம் பதிப்புக்கு முன் அந்த ஃபோல்டரின் பெயர் பிஜி_எக்ஸ்லாக். 'லாக்' (இது பூட்டு இல்லை, log என்ற பதிவுக் குறிப்பு) என்ற சொல்லைப் பார்த்து, பழைய லாக்தானே என்று அழித்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. பெயரை மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். இத்தனையும் தெரிந்திருந்தும், 97 சதவீதத்தைத் தொட்டபோது என் விரலும் ஆர்எம் (அழிக்கும் கட்டளை) என்று தட்டச்சு செய்துவிட்டது. என்டர் அடிக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

வால் ஏன் இப்படி நீண்டது? யாரோ 'எனக்கு வேண்டும், அழிக்காதே' என்று சொல்லிவைத்திருக்க வேண்டும். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸைப் பார்த்தேன். ஒரு ஸ்லாட் (நகல் சர்வர் எதுவரை வாங்கியது என்று குறித்துவைக்கும் இடம்), ஆக்டிவ் நெடுவரிசையில் 'எஃப்', அதாவது இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஸ்டாண்ட்பை (நகல்) சர்வரை ஓய்வுக்கு அனுப்பினோம். அனுப்பியது நான். சர்வரை அணைத்தேன், டிஎன்எஸ்ஸை எடுத்தேன், கண்காணிப்பிலிருந்து நீக்கினேன், டிக்கெட்டை மூடினேன். பிரைமரியில் (முதன்மை சர்வரில்) அதன் ஸ்லாட்டை மட்டும் விட்டுவிட்டேன். இறந்துபோன சர்வர் என்றாவது வந்து கேட்கும் என்று பிரைமரி மூன்று வாரமாக ஒரு துண்டு விடாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

ஸ்லாட்டை டிராப் செய்தேன். டிஸ்க் அசையவில்லை. நெஞ்சு பக்கென்றது. அப்புறம்தான் உறைத்தது, பழைய துண்டுகள் போவது அடுத்த செக்பாயின்ட்டில் (மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் கட்டம்). கையால் ஒரு செக்பாயின்ட் கொடுத்தேன், சரசரவென்று இறங்கியது. இப்போது 13-ஆம் பதிப்பில் வந்த மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் வைத்திருக்கிறேன், எல்லை தாண்டினால் ஸ்லாட் செல்லாததாகிவிடும். உயிருள்ள ஸ்டாண்ட்பை அதில் மாட்டினால் அதைத் திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கலாம், இருந்தாலும் பிரைமரி விழுவதற்கு அது மேல். கூடவே டேட்டா டிஸ்க்கில் 4 ஜிபி இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்மி ஃபைலும் கிடக்கிறது. முழுதாக நிறைந்து சர்வர் எழ மறுத்தால் முதலில் அழிக்க அது. பெயரே 'அவசரத்துக்கு_அழி'.

இரண்டு கதையையும் தம்பியிடம் சொல்லி, தினமும் காலையில் சும்மா இருப்பவர்களை மட்டும் எண்ணும் ஒரு ஸ்கிரிப்ட்டை அவனையே எழுதச் சொன்னேன். பழைய டிரான்சாக்ஷன்கள், ஆக்டிவ் இல்லாத ஸ்லாட்டுகள், பிரிப்பேர்டு டிரான்சாக்ஷன்கள், அவ்வளவுதான். எழுதி முடித்து ஓட்டிய முதல் நாளே மெசேஜ் வந்தது:

"அக்கா, ஒரு ஸ்லாட் ஆக்டிவ் இல்லாம நிக்குது. 9 ஜிபி பிடிச்சிருக்கு. பேரு டெஸ்ட்_2. யாரோடதுன்னு தெரியல."

"டிராப் பண்ணிடு" என்று பதில் போட்டேன். யாருடையது என்று அவன் மறுபடி கேட்கவில்லை. போன வாரம் லாஜிக்கல் ரெப்ளிகேஷனைச் சோதித்துப் பார்க்க நான் உருவாக்கியதுதான்.