தோளுக்கு மேல் ஒரு பார்வை: டிஃபென்ஸ்மேன்களை எடைபோட்டுப் பார்த்த ஒரு சீசன்

2024 அக்டோபரில், சீசன் தொடங்கிய வாரம், கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு வலது கை டிஃபென்ஸ்மேன், அதாவது பின்கள ஆட்டக்காரர், ஒருவர் வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள, அதாவது ட்ரேட் செய்ய, 2025 மார்ச் 7 கடைசி நாள். அதற்குள் யாரை வாங்கலாம் என்று நானே பார்த்து, எண்ணி, ஒரு பெயரை எழுதி வைக்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

நான் சொல்வது ஐஸ் ஹாக்கி, வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக். கோவில்பட்டியில் வளர்ந்தவனுக்கு ஹாக்கி என்றால் பந்தும் டர்ஃபும்தான். இங்கே, கனடாவுக்கு வேலைக்கு வந்து பத்து வருடத்தில் பனித்தரை ஆட்டம் ஒட்டிக்கொண்டது, ஆனால் கண் பழைய கண்ணாகவே இருந்தது. பின்கள ஆட்டக்காரர் என்றால் எதிராளியிடமிருந்து பறிக்கிறவர். எத்தனை முறை பறித்தார், எத்தனை ஷாட்டை உடம்பைக் கொடுத்துத் தடுத்தார் என்றுதான் எண்ணுவேன். ஐஸ் ஹாக்கியில் அந்த எண்ணிக்கையை நம்ப முடியாது. ஷாட்டை நிறையத் தடுப்பவர் பல நேரம் சொந்த எல்லைக்குள் நிறைய நேரம் மாட்டிக்கொண்டவராக இருப்பார். பக் (பந்துக்குப் பதிலாக இங்கே அடிக்கும் ரப்பர் வட்டு) நம் ஆட்களிடம் இருந்தால் தடுப்பதற்கு ஷாட்டே வராது.

அதனால் முதலில் இணையத்தில் கிடைக்கும் புள்ளிவிவரங்களில் இறங்கினேன். எல்லாருக்கும் தெரிந்தது பிளஸ்-மைனஸ். ஓர் ஆட்டக்காரர் ஐஸில் இருக்கும்போது நம் அணி கோல் போட்டால் ஒன்று கூட்டு, வாங்கினால் ஒன்று கழி. எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது விழும் பவர் பிளே கோல்கள் சேராது. இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், அந்தக் கோலில் இன்னும் நான்கு பேரும் ஒரு கோல்கீப்பரும் இருக்கிறார்கள். கீப்பர் சுமாரானவர் என்றால் டிஃபென்ஸ்மேன் என்ன செய்தாலும் கழித்தல்தான். அடுத்தது கோர்சி. பஃபலோ அணியில் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர் அதற்கு. கோலுக்குப் போனது, வெளியே போனது, நடுவில் தடுக்கப்பட்டது என எல்லா ஷாட் முயற்சிகளையும் எண்ணி, ஓர் ஆட்டக்காரர் ஐஸில் இருக்கும்போது நம் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும். கோல் எப்போதாவது விழுவது, ஷாட் நிமிடத்துக்கு நிமிடம் வருவது. ஆகவே கோர்சி சீக்கிரம் நிலைப்படும். மூன்றாவது எக்ஸ்பெக்டட் கோல். ஷாட் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எந்த வகையில் வந்தது, கீப்பர் மேல் பட்டுத் திரும்பிய ரீபவுண்டா என்று பார்த்து அது கோலாகும் வாய்ப்பைக் கணிக்கும் முறை.

எக்ஸ்பெக்டட் கோலை நான் மிகவும் நம்பினேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. லீக் பொதுவில் வெளியிடும் ஆட்டப் பதிவில் பாஸ்கள் இல்லை. கோலுக்கு முன்னால் குறுக்கே பாஸ் போய், கீப்பர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவிக்கொண்டிருக்கும்போது அடித்த ஷாட்டும், கீப்பர் நிதானமாக நின்று பார்க்கும் ஷாட்டும் ஒரே இடத்திலிருந்து வந்தால் அந்தக் கணக்குக்கு ஏறக்குறைய ஒன்றுதான். குறுக்குப் பாஸை ஸ்டிக்கை நீட்டி வெட்டும் டிஃபென்ஸ்மேனுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. நான் தேடியது அப்படிப்பட்டவரைத்தான்.

இங்கே என் அக்கா மகனைச் சொல்ல வேண்டும். வயது பதின்மூன்று, ஸ்கார்பரோவில் சிறுவர் அணி ஒன்றில் டிஃபென்ஸ் ஆடுகிறான். ஒரு சனிக்கிழமை இருவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, "மாமா, நீங்க பக்கையே பாக்குறீங்க. அவர் தலையைப் பாருங்க" என்றான். எதிரணி பக்கை மூலைக்குள் எறிந்துவிட்டுத் துரத்தி வருகிறது. டிஃபென்ஸ்மேன் திரும்பி அதை எடுக்கப் போகிறார். பக்கைத் தொடுவதற்குள் அவர் தோளுக்கு மேல் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்? ஒருமுறையாவது பார்த்தவருக்கு, துரத்துபவர் எந்தப் பக்கம் வருகிறார் என்று தெரியும். பக் ஸ்டிக்கில் பட்டதும் எந்தப் பக்கம் திரும்புவது என்பது முன்பே முடிவாகியிருக்கும். பார்க்காதவர் பக்கை எடுத்துவிட்டுத்தான் யோசிப்பார். அந்த அரை விநாடியில் முதுகோடு சேர்த்து ஓரத்துப் பலகையில் அழுத்திவிடுவார்கள். அவனுடைய பயிற்சியாளர் வாரா வாரம் கத்தும் விஷயமாம் இது. அன்றுதான் நோட்டு உருப்பட ஆரம்பித்தது.

குறிகளைத் தமிழிலேயே வைத்துக்கொண்டேன். பக்கை எடுத்த பிறகு நல்ல பாஸோடு எல்லையிலிருந்து வெளியேறினால் 'பா'. தானே சறுக்கிக் கொண்டுபோனால் 'ச'. பயந்து, ஓரப் பலகைக்கு மேலுள்ள கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளினால் 'க'. இழந்துவிட்டால் 'இ'. எடுக்கும் முன் தோளுக்கு மேல் பார்த்திருந்தால் குறிக்கு மேலே ஒரு புள்ளி. எதிரணி, நம் எல்லை தொடங்கும் நீலக்கோட்டுக்கு பக்கோடு வரும்போது மறித்தால் 'ம', விட்டுக்கொடுத்துப் பின்வாங்கினால் 'வி'.

'க' தவறான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். ஐந்து பேரும் ஒரு நிமிடமாக உள்ளே மாட்டிக் களைத்திருக்கும்போது கண்ணாடிதான் புத்தி. ஆனால் கூட்டாளி காலியாக நிற்கும்போதும் 'க' விழுந்தால், பக் மறுபடி எதிரணிக்கே போகிறது. பத்து விநாடியில் திரும்பி வரும்.

டிவியில் ஒரு தொல்லை, கேமரா பக்கோடு போய்விடும். பக் இல்லாத இடத்தில் டிஃபென்ஸ்மேன் எங்கே நிற்கிறார் என்பது திரைக்குள் வராது. நவம்பரில் பாஸ்டன் டொராண்டோவுக்கு வந்தபோது ஸ்கோஷியாபேங்க் அரங்கின் உச்சி வரிசையில் டிக்கெட் எடுத்தேன். விலை குறைவான இருக்கை என்று பேர், அதுவே கையைக் கடித்தது. இருந்தாலும் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் முழுதாகக் கண்ணுக்குக் கீழே விரிந்தது. பாஸ்டனின் டிஃபென்ஸ்மேன் பிராண்டன் கார்லோவை அன்று அங்கிருந்துதான் பார்த்தேன். ஆறடி ஐந்து அங்குலம், வலது கை. பின்னோக்கிச் சறுக்கும்போது, எதிராளிக்கும் தனக்கும் நடுவில் அந்த நீண்ட ஸ்டிக்கைப் பனியில் படுக்க வைத்துக்கொண்டே போவார். வருகிறவருக்கு நடுவழி அடைபட்டுவிடும், ஓரத்துக்குத்தான் போக முடியும். ஓரத்திலிருந்து வரும் ஷாட் யாரையும் பயமுறுத்தாது. கோல் பட்டியலில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. மேலிருந்து பார்த்தவனுக்கு மனது நிறைந்துபோனது.

வலது கை ஏன் இவ்வளவு முக்கியம் என்று பலர் கேட்கிறார்கள். ஸ்டிக்கை உடம்பின் வலப்பக்கம் வைத்து ஆடுபவர் வலது கைக்காரர். லீக்கில் இடது கை டிஃபென்ஸ்மேன்கள்தான் அதிகம். வலது ஓரப் பலகையை ஒட்டி வரும் பக்கை வலது கைக்காரர் ஸ்டிக்கின் முன்பக்கத்தால் எடுத்து உடனே பாஸ் கொடுப்பார். இடது கைக்காரர் பின்பக்கத்தால் எடுக்க வேண்டும், அல்லது உடம்பைச் சுற்ற வேண்டும். எதிராளி மேலே ஏறிவர அந்த நேரம் போதும்.

ஜனவரியில், முறை சரிதானா என்று பார்க்க, முடிந்துபோன ஒரு ட்ரேடை எடுத்துக்கொண்டேன். 2023 பிப்ரவரி 28 அன்று நாஷ்வில்லிலிருந்து எட்மன்டனுக்குப் போன டிஃபென்ஸ்மேன் மத்தியாஸ் எக்ஹோல்ம். அவர் வந்த பிறகு எட்மன்டன் 21 ஆட்டத்தில் 18 வெற்றி. அவருடைய பிளஸ்-மைனஸ் அந்த 21 ஆட்டத்தில் மட்டும் கூட்டல் 28. இதில் எட்மன்டனின் முன்வரிசை நட்சத்திரம் மெக்டேவிட் போன்றவர்களின் பங்கு எவ்வளவு, எக்ஹோல்ம் பங்கு எவ்வளவு? பழைய நாஷ்வில் ஆட்டங்களை ஓட்டிப் பார்த்தேன். புள்ளி வைத்த 'பா' வரிசையாக விழுந்தது. பதற்றமே இல்லாத கை. எட்மன்டன் ஆட்டங்களைப் போட்டேன், அதே கை. பக்கத்தில் ஆடிய இளைஞர் எவன் பூஷார்டின் ஆட்டமும் அதனால் விரிந்தது. எக்ஹோல்முக்குப் பதிலாக எட்மன்டனிலிருந்து நாஷ்வில்லுக்குப் போனவர்களில் டைசன் பேரி ஒருவர். பவர் பிளேயை நடத்தியவர் அவர்தான், அந்த இடமும் பூஷார்டுக்குக் கிடைத்தது. கூட்டல் 28 என்ற எண் எட்மன்டனில் பிறந்தது, தோளுக்கு மேல் பார்க்கும் பழக்கம் நாஷ்வில்லிலேயே இருந்தது. ட்ரேடில் ஆளோடு ஊர் மாறி வருவது இந்தப் பழக்கம் மட்டும்தான் என்று அன்றிரவு நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

எழுதிய நானே அதைக் கடைப்பிடிக்கவில்லை.

சிகாகோவின் செத் ஜோன்ஸும் என் பட்டியலில் இருந்தார். வலது கை, பெரிய உருவம், அந்த உருவத்துக்கு நம்ப முடியாத வேகம். 2021-22 சீசனில் அவர் பிளஸ்-மைனஸ் கழித்தல் 37. அடுத்த சீசன் கழித்தல் 38. சம்பளம் ஆண்டுக்கு 95 லட்சம் டாலர், 2029-30 வரை. 2024-25 சீசனில் ஓர் அணி சம்பளத்துக்கு மொத்தமாகச் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பே 8 கோடியே 80 லட்சம் டாலர். ஒரே ஆளுக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். பெயருக்குப் பக்கத்தில் 'வேண்டாம்' என்று எழுதினேன். சிகாகோ ஆட்டங்களைப் பார்த்தேன், குறியும் போட்டேன். ஆனால் கூட்டிப் பார்க்கவில்லை. முடிவு முன்னமே ஆகிவிட்டதே.

மார்ச் 1 அன்று ஃபுளோரிடா அவரை வாங்கியது. கொடுத்தது கோல்கீப்பர் ஸ்பென்சர் நைட்டையும் நிபந்தனையோடு கூடிய ஒரு முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் (புது இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). சிகாகோ ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் தன் கணக்கில் வைத்துக்கொண்டது. ஃபுளோரிடாவுக்கு 70 லட்சம். மார்ச் 7 அன்று லீஃப்ஸ் கார்லோவை வாங்கியது. இளம் ஆட்டக்காரர் ஃப்ரேசர் மின்டன், 2026 முதல் சுற்று உரிமை, 2025 நான்காம் சுற்று உரிமை கொடுத்தார்கள். 41 லட்சம் டாலர் சம்பளத்தில் 15 சதவீதம் பாஸ்டன் ஏற்றுக்கொண்டது. நான் எழுதி வைத்த பெயர் கார்லோ. அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டினேன். எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

மே 18. பிளேஆஃபின் இரண்டாம் சுற்று, லீஃப்ஸுக்கும் ஃபுளோரிடாவுக்கும் ஏழாவது, கடைசி ஆட்டம், டொராண்டோவில். ஃபுளோரிடா 6-1. இரண்டாம் பகுதியில் முதல் கோலைப் போட்டு அந்த ஆட்டத்தைத் திறந்தவர் செத் ஜோன்ஸ். ஜூன் 17 அன்று ஃபுளோரிடா லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையையும் வென்றது.

ஒரு கோலை வைத்து ஒரு டிஃபென்ஸ்மேனை எடைபோடக் கூடாது என்று தெரியும். அதனால் ஒரு வாரம் கழித்து சிகாகோ பக்கங்களைத் திறந்து, விட்டுப்போன கூட்டலைப் போட்டேன். ஜோன்ஸ் பெயருக்குக் கீழே 'ச'வும் 'பா'வும் 'க'வைவிட அதிகம். மூலையிலிருந்து பக்கை எடுத்து, துரத்துபவரை ஒரு திருப்பத்தில் கழற்றிவிட்டு, தானே கொண்டுபோயிருக்கிறார். நீலக்கோட்டில் 'வி'யும் நிறைய. அந்தக் குறை நிஜம். ஆனால் சிகாகோ அப்போது அணியையே கலைத்துக்கொண்டிருந்தது. முன்வரிசை நட்சத்திரங்களில் 2022 கோடையில் டிப்ரின்கட் போனார், மறு பிப்ரவரியில் பேட்ரிக் கேன் போனார். எதிரணியின் சிறந்த வரிசைக்கு எதிரே ஜோன்ஸ்தான் தினமும் 24, 25 நிமிடம். முன்வரிசை பக்கைத் தொலைத்தபடி இருக்க, இவர் பின்வாங்காமல் என்ன செய்வார்? ஃபுளோரிடாவில் முதல் ஜோடியாக ஃபோர்ஸ்லிங்கும் எக்பிளாடும் இருந்தார்கள். ஜோன்ஸ் மிக்கோலாவோடு இரண்டாம் ஜோடி. முன்வரிசை மேலேயே நெருக்கி அழுத்துவதால், நீலக்கோட்டுக்குச் சுதந்திரமாக வருகிறவர்களே குறைவு. 'வி' விழ வேண்டிய இடம் சுருங்கி, 'ச' விழ வேண்டிய இடம் அப்படியே இருந்தது.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே வலித்தது. 2023இல் லீஃப்ஸ் இதே சிகாகோவிலிருந்துதான் டிஃபென்ஸ்மேன் ஜேக் மெக்கேபை வாங்கியது, பாதிச் சம்பளத்தைச் சிகாகோ தலையில் கட்டி. தோற்கும் அணியில் ஆடியவர் என்று அப்போது நானும் முகம் சுளித்தேன். அவர் இங்கே வந்து நம்பகமான தூணாகிவிட்டார். பாடம் கண் முன்னால் வாரம் மூன்று முறை சறுக்கிக்கொண்டிருந்தும் எனக்கு எட்டவில்லை.

கார்லோவைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று நினைக்கவில்லை. சொந்தக் கோல் முன்னால் அவர் நிற்கும் விதத்துக்கு அந்தச் சம்பளம் நியாயம். ஆனால் லீஃப்ஸின் மார்கன் ரைலியோடு ஜோடியாக ஆடியபோது, ஃபுளோரிடா முழு வேகத்தில் துரத்தி வந்த இரவுகளில், அவர் பெயருக்குக் கீழே 'க' கூடியது. பாஸ்டன் பக்கங்களிலும் அது இருந்தது. அந்த நீண்ட ஸ்டிக்கின் அழகில் அதை நான் பொருட்படுத்தவில்லை. கொடுத்த விலையில் முதல் சுற்று உரிமை இருந்ததால், இதை நான் இன்னும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்.

2025-26 சீசனுக்கு இரண்டாவது நோட்டு வாங்கியாயிற்று. இந்த முறை ஒவ்வொரு ஆட்டக்காரர் பக்கத்தின் தலையிலும் பக்கத்தில் ஆடுபவர் யார், எதிரே பெரும்பாலும் எந்த வரிசை, முன்வரிசை எவ்வளவு அழுத்துகிறது என்ற மூன்று வரிகள். பிளஸ்-மைனஸும் சம்பளமும் கடைசிப் பக்கத்தில், குறிகளைக் கூட்டி முடித்த பிறகுதான் எழுதுவேன். முதல் பக்கம் அக்கா மகனுக்கு. "என்னோட ஆட்டத்துக்கும் போடுங்க மாமா, 'க' வந்தாலும் மறைக்கக் கூடாது" என்று கேட்டிருக்கிறான். அவனுடைய முதல் ஆட்டம் செப்டம்பரில், காலை ஏழு மணிக்கு.