ஓரா மீனைத் தாளில் ஒட்டிப் பார்த்தேன்

நான்கு வாரத்தில் மூன்று ஓரா மீன். முதலாவதைப் பூனை கொண்டுபோனது. இரண்டாவதை எறும்பு தின்றது. மூன்றாவது இப்போது என் மேஜைமேல் தாளோடு தாளாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கொஞ்சம் நாற்றம் உண்டு, ஆனால் துடுப்பெல்லாம் முழுசாக இருக்கிறது.

மீன் வரைவது என் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். தூத்துக்குடிச் சந்தையில் ஒன்று வாங்குவேன், வரைவேன், மதியம் அது குழம்பாகிவிடும். விளமீன், பாறை, ஊளி எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஓரா மட்டும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. கூடையில் பார்க்கும்போது பாசி நிற உடம்பு, அதன்மேல் நொய்யரிசி தூவியதுபோல வெளிர் புள்ளிகள். வீட்டுக்கு வந்து வண்ணம் கரைப்பதற்குள் புள்ளிகள் மங்கி, உடம்பு திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கும். செத்தபிறகுதான் இப்படி என்றில்லை. உயிரோடு இருக்கும்போதே பயந்தாலும், இரவில் ஒதுங்கினாலும் இது இப்படித்தான் திட்டு நிறத்துக்கு மாறிக்கொள்ளும். அப்படியானால் எந்த நிறத்தை வரைவது?

பழைய ஆட்கள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். பெர்லினில் மருத்துவராக இருந்த ப்ளோக் 1782 முதல் 1795 வரை வெளியிட்ட மீன் நூலில் 432 படங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டி, மினுங்க வேண்டிய இடத்தில் வெள்ளிப்பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். புள்ளி ஓரா ஒன்றுக்கு 1787-இல் அவர் வைத்த 'குட்டாட்டஸ்' என்ற இனப்பெயர் இன்றும் நிற்கிறது. அவருக்கு மீன் அனுப்பியவர்களில் தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் ஜானும் ஒருவர். கடல் தாண்டிப் பல மாதம் பயணம் செய்து வரும் மீனில் என்ன நிறம் மிஞ்சியிருக்கும்? எனக்காவது பத்து நிமிட பைக் தூரம். நூறு ஆண்டு கழித்து வந்த பிரான்சிஸ் டே, சென்னை ராணுவத்தில் மருத்துவர், தன் 'இந்திய மீன்கள்' நூலில் வண்ணத்தையே விட்டுவிட்டார். கறுப்புக் கோடுதான், மீன் எல்லாம் இடப்பக்கம் பார்த்து நிற்கும். எனக்கு அந்தக் கோடுகள்தான் அதிகம் பிடித்தன.

அப்புறம்தான் ஃபோர்ஸ்கால் கண்ணில் பட்டார். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். டென்மார்க் அரசர் 1761-இல் அரேபியாவுக்கு அனுப்பிய ஆறு பேர் குழுவில் ஒருவர். செங்கடல் மீன்களைச் சேகரித்தவர், 1763-இல் ஏமனில் காய்ச்சலில் இறந்தார், வயது 31. ஆறு பேரில் ஊர் திரும்பியது நீபூர் ஒருவர்தான். அவர்தான் 1775-இல் ஃபோர்ஸ்காலின் குறிப்புகளை நூலாக்கினார். ஃபோர்ஸ்கால் மீன்களைச் சாராயத்தில் மட்டும் நம்பி வைக்கவில்லை. செடியை அழுத்தித் தாளில் ஒட்டுவதுபோல, பாதி மீன் தோலை உரித்துக் காயவைத்துத் தாளில் ஒட்டியிருக்கிறார். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. இருநூற்றைம்பது வருடம் தாங்கிய முறை என் வீட்டில் ஒரு மாதமாவது தாங்காதா என்று ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

முறை சுருக்கமாக இதுதான். மீனின் நடுக்கோட்டில் வெட்டக்கூடாது. ஒரு நூல் அளவு வலப்பக்கம் தள்ளி வெட்டினால்தான் முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் இடப்பாதியோடு சேர்ந்து வரும். உள்ளே இருக்கும் சதை, எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தோலை உப்புப் போட்டுக் கழுவி, தெர்மக்கோலில் விரித்து, துடுப்புகளைக் குண்டூசியால் நிறுத்திக் காயவைக்க வேண்டும். பாதி காய்ந்ததும் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம்.

எழுத எளிது. ஓராவின் செதில் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. தோல் மெல்லியது, சதையோடு இறுகி இருக்கும். கத்தியால் சுரண்டிய முதல் மீனில் வயிற்றுப் பக்கம் கிழிந்தது. அதைத் திண்ணையில் வைத்துவிட்டு நூல் எடுக்கப் போன நேரத்தில் பூனை வந்துவிட்டது. இரண்டாவதில் தேக்கரண்டி விளிம்பைப் பயன்படுத்தினேன், தோல் தப்பியது. ஆனால் ஒட்டியது மைதாப் பசையில். காலையில் பார்த்தால் தாளெல்லாம் எறும்பு. மூன்றாவதுக்கு வெள்ளைப் பசை, மேஜைக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம். மழைக்காலத்தில் இதை யாரும் முயல வேண்டாம்.

மீன்கார அக்கா மூன்றாவது தடவையும் எச்சரித்தார். "தம்பி, முள்ளு குத்துனா ராத்திரி தூக்கம் இருக்காது பாத்துக்கோ. செத்த மீனுதானேன்னு நெனைக்காத." நான் நினைத்தேன். குண்டூசி வைக்கும்போது கட்டைவிரலில் ஏறியது. ஊசி குத்தியது போலத்தான் ஆரம்பித்தது, பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வரை விண்விண்ணென்று தெறித்தது. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் முக்கால் மணி நேரம் கையை வைத்திருந்தேன். விஷம் புரதம் என்பதால் சூட்டில் கெட்டுவிடும். வலி அடங்கியது, மனைவியின் பேச்சு அடங்கச் சாயங்காலம் ஆனது.

காய்ந்தபிறகு நிறம் எதுவும் மிஞ்சவில்லை. பழைய செருப்புத்தோல் பழுப்பு. அதனால் என்ன, முதல் தடவையாக முள்ளை ஒழுங்காக எண்ண முடிந்தது. முதுகில் 13. அடியில் 7. ஓரா இனம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது. வயிற்றுத் துடுப்புதான் விசித்திரம்: வெளியோரம் ஒரு முள், நடுவில் மூன்று மென்கதிர், உள்ளோரம் இன்னொரு முள். இரண்டு பக்கமும் முள் வைத்த வயிற்றுத் துடுப்பு இந்தக் குடும்பத்துக்கு மட்டுமே உரியது. என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் முதுகில் 11, இன்னொன்றில் 15. உள்முள் ஒன்றில்கூட இல்லை. முதுகு முள்வரிசைக்கு முன்னால் தோலுக்கடியில் முன்நோக்கிப் படுத்திருக்கும் குட்டி முள்ளும் ஒன்று உண்டு. அது விரல் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பெயர் விஷயம் ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. செங்கடல் மீனவர்கள் சொன்ன அரபுச் சொல்லைத்தான் ஃபோர்ஸ்கால் எழுதிக்கொண்டார், அதுவே இன்று 'சிகானஸ்' என்று மொத்தப் பேரினத்தின் பெயர். பழைய இந்திய மீன்வள நூல்களில் நம் ஓராவை 'சிகானஸ் ஒராமின்' என்று பார்க்கலாம். 1801-இல் வந்த ப்ளோக்–ஷ்னைடர் நூலின் கணக்கில் எழுதுவார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ஓரா மீன். ஆனால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. இதே மீனுக்கு இன்று வழங்கும் பெயர் 'கனாலிகுலாட்டஸ்', 1797-இல் மங்கோ பார்க் வைத்தது. ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றைத் தேடிப் போனாரே, அவரேதான். அதற்கு முன்னால் கப்பல் மருத்துவராகச் சுமத்ராவுக்குப் போய் எட்டு மீன்களை விவரித்திருக்கிறார். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. நாலு வருடத்தில் போய்விட்டது. அரபிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கனாலிகுலாட்டஸ் என்றால் வாய்க்கால்போலப் பள்ளம் விழுந்தது என்று பொருள். பூதக்கண்ணாடியில் காய்ந்த முள்ளைப் பார்த்தால் பக்கத்துக்கு ஒன்றாக நீளப் பள்ளம் ஓடுகிறது, விஷம் இருக்கும் இடம் அதுதான். சரி, பெயர் பொருத்தமில்லை என்று சொல்ல வாயில்லை.

இந்த ஞாயிறு தோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். முதலில் 13 கோடு, அப்புறம் 7, அப்புறம் வயிறு. உடம்பு கடைசியில். வண்ணம் இன்னும் வைக்கவில்லை. அடுத்த வாரம் விடியற்காலையில் வண்ணப்பெட்டியோடு கரைக்கே போய், வலையிலிருந்து எடுக்கும்போதே புள்ளிகளைப் பிடிக்கலாம் என்று எண்ணம். அக்காவிடம் சொன்னேன். "வா, ஆனா வழியில நிக்காத" என்றார்.