அம்மோனியா அளக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வியாழனின் வளிமண்டலத்தில் ஏறக்குறைய 86 சதவீதம் ஹைட்ரஜன், மிச்சம் பெரும்பாலும் ஹீலியம். அங்கே அம்மோனியா எவ்வளவு என்று சொல்ல, ஹைட்ரஜன் மோதும்போது அம்மோனியாவின் நிறமாலைக் கோடுகள் (அது ஒளியை விழுங்கும் அலைநீளங்கள்) எவ்வளவு அகலமாகின்றன என்று தெரிய வேண்டும். காற்றில் அளந்த அகலங்கள் இதற்கு உதவாது. அதற்காகத்தான் வேறொரு கூடத்தின் நிறமாலைமானியில் ஐந்து நாள் வாங்கினேன்.

முதல் நாள் வீண். ஹைட்ரஜனுக்கு அனுமதித் தாள் இருந்தது, அம்மோனியாவுக்கு இல்லை. நச்சு வாயுவுக்குத் தனிப் படிவம் என்று அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை. நான் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலும் இல்லை. கையெழுத்துப் போடுபவர் மறுநாள்தான் வந்தார்.

அப்புறம் ஜன்னல். வாயுவை அடைக்கும் கலத்தில், ஒளி புகும் ஜன்னலாகக் கால்சியம் ஃபுளோரைடு மாட்டியிருந்தார்கள். அம்மோனியாவின் வலுவான பட்டை (கோடுகளின் கூட்டம்) 10.5 மைக்ரான் பக்கம். அங்கே அந்த ஜன்னல் ஒளியை விழுங்கிவிடும். துத்தநாக செலினைடு தேடி மாட்ட அரை நாள். முன்பதிவின்போதே ஜன்னல் என்ன பொருள் என்று கேளுங்கள்.

வெற்றிடம், நைட்ரஜன் ஓட்டி ஈரத்தை விரட்டுவது எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அம்மோனியாவை நிரப்பினேன். கால் மணி நேரத்தில் அழுத்தம் இறங்கியிருந்தது. கசிவு என்று நினைத்து ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிப் பார்த்ததில் ஒரு மதியமே போயிற்று. வெற்றிடத்துக்கு நெருக்கமான கலத்தில் கசிவு இருந்தால் வெளிக்காற்று புகுந்து அழுத்தம் ஏற வேண்டுமே, இறங்காதே! அம்மோனியா எஃகுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. நிரப்பி, காத்திருந்து, பம்ப் போட்டு எடுத்து, மறுபடி நிரப்பி, இப்படி ஐந்து முறை செய்த பிறகுதான் அழுத்தம் நிலைத்தது. அதன் பிறகும் அம்மோனியாவின் அளவை அழுத்தமானியிலிருந்து எடுக்காமல், ஸ்பெக்ட்ரத்தில், அதாவது அளந்த நிறமாலையில், கணக்கிட்ட வளைவைப் பொருத்தியே எடுத்தேன். அகலத்தைத் தீர்மானிப்பது அம்மோனியாவோடு கலக்கும் ஹைட்ரஜன். அது சுவரில் அப்படி ஒட்டாது.

இன்னொன்று, பிரானி வகை அழுத்தமானியை இதற்கு நம்பாதீர்கள். வெப்பம் கடத்தப்படுவதை வைத்து அளப்பதால், நைட்ரஜனுக்குச் சரிசெய்த மானி ஹைட்ரஜனில் தப்பாகக் காட்டும். கெப்பாசிட்டன்ஸ் வகைக்கு எந்த வாயுவும் ஒன்றுதான்.

கடைசி நாள் மாலை, ஐந்து ஹைட்ரஜன் அழுத்தங்களில் எடுத்த, மோதலால் வரும் அகலங்கள் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. கோட்டை நீட்டினால், அழுத்தம் இல்லாதபோது மோதலும் இல்லை என்பதற்கேற்ப, சுழியில் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு நிம்மதி! கிளம்பும் முன் கலத்தைச் சூடாக்கி இரவு முழுக்க பம்ப் ஓட விட்டேன். இல்லையென்றால் அடுத்து வருபவரின் ஸ்பெக்ட்ரத்தில் என் அம்மோனியா தெரியும்.