உள்ளறையைத் திறந்து என்ன பயன்?

ஸைட்டைத் திறந்தால் இன்றைக்கும் திரையில் அதே வரி: 403 ஃபார்பிடன், அதாவது பார்க்க அனுமதியில்லை.

பக்கங்களை அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் ஓடுகிறது. இண்டெக்ஸ் ஃபைல் இடத்தில் இருக்கிறது. அதற்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும்கூடக் கொடுத்தாயிற்று. (அதை மட்டும் செய்யாதீர்கள், சாமி!)

எரர் லாக்கின் கடைசி வரி சொல்லிவிடும்: '13: பெர்மிஷன் டினைட்'.

ப்ராஜெக்ட் கிடப்பது ஹோம் ஃபோல்டருக்குள். உபுண்டு 21.04-இலிருந்து புது யூசரின் ஹோம் 755 (மற்றவர்களும் நுழைந்து பார்க்கலாம்) இல்லை, 750 (மற்றவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை). என்ஜின்எக்ஸ் ஓடுவதோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற வேறொரு யூசராக. வாசலைத் தாண்டவே அனுமதியில்லை, உள்ளறையைத் திறந்துபோட்டு என்ன பயன்? பாதையிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'எக்ஸ்', அதாவது உள்ளே நுழையும் உரிமை வேண்டும்.

எங்கே மறிக்கிறது என்று பார்க்க 'நேம்ஐ -எல்' கமாண்ட் (நேம் என்ற சொல்லோடு ஓர் ஐ), பின்னால் ஃபைலின் முழுப் பாதை. ரூட் எனும் உச்சி ஃபோல்டரிலிருந்து படிப்படியாகக் காட்டும். உரிமையின் கடைசி மூன்று இடமும் வெறும் கோடாக இருக்கிற வரிதான் குற்றவாளி.

ஹோமை 755 ஆக்கினாலும் ஓடும். ஆனால் சர்வரிலுள்ள மற்ற யூசர்களும் எட்டிப் பார்ப்பார்கள். ஸைட்டை 'வார்' ஃபோல்டருக்குள்ளிருக்கும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ'வுக்கு மாற்றுங்கள். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் ஸைட்டின் இடத்தைச் சொல்லும் 'ரூட்' வரியைத் திருத்தி, அதைச் சோதிக்கும் 'என்ஜின்எக்ஸ் -டி' சரி என்று சொன்ன பிறகே ரீலோட்.