டெஸ்மிட் பாசி: செய்முறைத் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போய் உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகள், பாசிச் செய்முறைத் தேர்வு என்றாலே படங்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அது உதவாது. தேர்வில் பேரினத்தின் பெயரோடு, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்றும் கேட்பார்கள்.

நிறத்தில் தொடங்குங்கள். நுண்ணோக்கியில் பொன் கலந்த பழுப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் டயாட்டம் என்ற வேறு வகைப் பாசி. டெஸ்மிட் என்ற நன்னீர் நுண்பாசி நல்ல பச்சை. அடுத்து செல்லின் நடுப்பகுதி. பெரும்பாலான டெஸ்மிட்டுகளில் அங்கே ஓர் இடுக்கு இருக்கும். அதன் இருபுறமும் அச்சாக ஒரே வடிவத்தில் இரண்டு அரைச்செல்கள். குளோஸ்டீரியம் என்ற டெஸ்மிட் பேரினத்துக்கு இடுக்கு கிடையாது, பிறை வடிவம்தான். அதன் இரு நுனிகளிலும் சிறு குமிழி இருக்கும். அதற்குள் நுண்ணிய படிகத் துகள்கள் ஓயாமல் துள்ளும். அதைக் கண்டுவிட்டால் தயங்காமல் எழுதலாம்.

இடுக்குள்ள டெஸ்மிட் பேரினங்களில் பலர் திணறுவது காஸ்மேரியமா, ஸ்டாராஸ்ட்ரமா என்பதில்தான். முன்பக்கத் தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடியான மூடுவில்லையின் ஓரத்தை ஊசி முனையால் மெல்லத் தட்டினால் செல் உருளும். அது நுனி மேலே தெரிய நிற்கும் கணத்தைத் தவறவிடாதீர்கள்: நீள்வட்டமாகத் தெரிந்தால் காஸ்மேரியம், முக்கோணமாகவோ, பல கைகள் விரிந்தோ தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டாராஸ்ட்ரம். நிரந்தர ஸ்லைடில் செல் உருளாது. அப்போது நுண்ணோக்கியின் நுண்திருகை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். உங்களை நோக்கி நீளும் மூன்றாவது கை இருந்தால், சட்டென்று தெளிவாகி மறுபடி மங்கும்.

அளவையும் எழுதுங்கள்: நீளம், அகலம், இடுக்கின் அகலம். கண்வில்லைக்குள் தெரியும் அளவுகோலின் 40 கோடுகள், நுண்ணோக்கி மேடையில் வைக்கும் அளவு தெரிந்த அளவுகோலில் 100 மைக்ரோமீட்டருக்குச் சமமானால், ஒரு கோடு 2.5 மைக்ரோமீட்டர். பொருள்வில்லையை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும்.

பயிற்சிக்கு நம் ஊரைவிட நல்ல இடம் எது? உரம் கரைந்து வரும் செம்பனைத் தோட்டத்து வடிகாலை விடுங்கள். டெஸ்மிட்டுகளுக்குப் பிடித்தது, சத்து குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள நீர். வட சிலாங்கூர் கரிமண் சதுப்பையொட்டித் தேநீர் நிறத்தில் தேங்கும் நீரில் தேடலாம். வெறும் நீரை மொள்ளாமல், அதில் மூழ்கிக் கிடக்கும் செடிகளைப் புட்டிக்குள் பிழியுங்கள்; டெஸ்மிட்டுகள் அவற்றோடுதான் ஒட்டியிருக்கும். அன்றே பாருங்கள். உயிருள்ள செல்லை வரைந்து முடித்த பிறகு, மூடுவில்லையின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். பசுங்கணிகத்துக்குள் இருக்கும் உருண்டைகளான பைரினாய்டுகளைச் சுற்றியுள்ள மாவுச்சத்து கருநீலமாகும். ஓர் அரைச்செல்லில் அவை எத்தனை என்று எண்ணிப் படத்தின் அருகிலேயே குறித்துவிடுங்கள்.