நாலு அடி இரண்டு அங்குலம்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அக்கா என்று செயலாளர் தம்பி கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது பீ.ரீ. (உடற்பயிற்சி) ரீச்சரின் நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பிதான். அதில் வகுப்பிலிருந்த எல்லாருடைய பெயரும் இருந்தது. பெயருக்கு நேரே அடியும் அங்குலமும்.

1971இல் ஆறாம் வகுப்புக்கு வந்தோம். மைதானத்து வேப்பமரத்தடியில் மண்ணைக் கொத்தி மணல் பரப்பிய ஒரு குழி. அதன் விளிம்பில் ஒரு பனஞ்சலாகை பதித்திருந்தது. சலாகையில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கையை வீசி, நின்ற இடத்திலிருந்தே பாய வேண்டும். குதிக்கால் பதிந்த இடம் வரைக்கும் ரீச்சர் குனிந்து அளப்பார். கையிலிருந்தது தையல் நாடா. அது அறுபது அங்குலம்தான். ஐந்து அடிக்கு மேலே பாய்ந்தால் நாடாவை எடுத்து இரண்டாம் முறை பிடிக்க வேண்டும். ரீச்சரை இரண்டாம் முறை நாடா பிடிக்க வைத்துவிட வேண்டும் என்பதே அந்த வருடம் முழுக்க எங்கள் எல்லாருக்கும் நினைப்பு.

நான் முதல்நாள் பாய்ந்தது நாலு அடி இரண்டு அங்குலம். வகுப்பில் கடைசிக்கு முதல் ஆள். பக்கத்திலிருந்தவள் ஐந்தரை அடி பாய்ந்தாள். ரீச்சர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதினார். அடுத்த மாதம் எனக்கு நாலு அடி ஐந்து. "மூண்டு அங்குலம் கூட" என்று சொல்லி எழுதினார். மற்றவளோடு என்னை அவர் ஒரு நாளும் ஒப்பிட்டதில்லை. என்னுடைய போன மாதத்தோடுதான் ஒப்பிட்டார். வருட முடிவில் ஐந்து அடி இரண்டு அங்குலம். நாடா இரண்டாம் முறை போனது. அன்றைக்கு ஒழுங்கை முழுக்க ஓடியே வீட்டுக்குப் போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிந்தி வருகிற பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவது அந்த நாளில் பல பள்ளிக்கூடங்களிலும் இருந்த வழக்கம். எங்கள் ரீச்சர் அதைச் செய்யமாட்டார். ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்தால் பிள்ளை ஓட்டத்தையே வெறுத்துவிடும் என்பது அவருடைய கொள்கை. அது எவ்வளவு சரி என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

மாசி, பங்குனி வெயிலில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். வள்ளுவர், கம்பர், பாரதி, நாவலர் என்று பிள்ளைகளைப் பிரித்து நாலு இல்லம். குருத்தோலைத் தோரணம், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு, வாளியில் கரைத்த தேசிக்காய்த் தண்ணீர். எனக்குப் பரிசு ஒன்றும் கிடைத்ததில்லை. டிறில் அணியில் மூன்றாம் வரிசையில் நின்றேன். "ஒண்டு... ரெண்டு... மூண்டு... நாலு" என்று விசிலுக்கு எழுபது பிள்ளைகள் ஒன்றாகக் கையை உயர்த்தும்போது காற்றில் ஒரு சத்தம் வரும், உடுப்புகள் ஒரேயடியாக உரசுகிற சத்தம். பின்னேரங்களில் தாச்சி (கிளித்தட்டு) மறித்தோம். நடுக்கோட்டில் கிளி ஓடிவரும்போது நெஞ்சு அடித்த அடி இன்னும் மறக்கவில்லை.

யாழ். மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கத்தின் கதையைச் சொல்லித் தந்ததும் ரீச்சர்தான். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர். அவர் பாய்ந்தது 2.03 மீற்றர், ஏறக்குறைய ஆறு அடி எட்டு அங்குலம். வாய்ச்சொல்லாகச் சொல்லி விட்டிருந்தால் மறந்திருப்போம். ரீச்சர் வாங்கில் ஏறி நின்று, வகுப்புச் சுவரில் அந்த உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு போட்டார். இடைவேளையில் அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்ப்போம். கோடு கதவு நிலைக்குக் கிட்ட இருந்தது. ஒரு மனிசன் அதுக்கு மேலாலே போயிருக்கிறான்!

அப்புறம் பொதுப் பரீட்சைக்குப் படிக்கும் சோதனை வகுப்பு வந்தது. பீ.ரீ. பாட நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை, பெற்றோருக்குச் சந்தோசம். வீட்டிலும் "குமர்ப்பிள்ளை ஓடித் திரியிறதே?" என்று அம்மம்மா தொடங்கிவிட்டார். போட்டிக்குத் தெரிவான நாலைந்து பேர் மட்டும் தொடர்ந்து பழகினார்கள். எங்களைப் போன்ற மூன்றாம் வரிசைக்காரர் மைதானத்தை யன்னலால் பார்த்தோம். பதினைந்து வயதில் நின்ற உடம்பு முப்பத்தேழு வருடம் அசையவில்லை. கல்யாணம், கனடா, தொழிற்சாலையில் இரவு வேலை, பிள்ளைகள். வேலை செய்த களைப்பையே உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2012இல் குடும்ப வைத்தியர் சீனி வருத்தம் (நீரிழிவு) வருகிற எல்லையில் நிற்கிறேன் என்றார். நான் அவ்வளவு உடம்பு இல்லையே டொக்டர் என்றேன். தெற்காசியருக்கு இது குறைந்த எடையிலேயே, இளவயதிலேயே வரும், மற்றவர்களுக்குச் சொல்லும் எடைக் கணக்கு நமக்குச் சரிவராது என்று விளக்கினார். கிழமைக்கு 150 நிமிடமாவது விரைவாக நடக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வதும் அதுதான். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கே 60 நிமிடம்.

அடுத்த நாள் காலை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வெளியே பனி. வீட்டு நிலக்கீழ் அறையில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் கையை உயர்த்தினேன். வாய் தானாக "ஒண்டு, ரெண்டு" என்றது. பக்கவாட்டில் வளைவது, முழங்காலை மடக்கி இருந்து எழும்புவது, டிறில் முழுவதும் அப்படியே வரிசை மாறாமல் வந்தது. அழுதுவிட்டேன். அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினேன். இன்றைக்கு ஒன்பதாவது கொப்பி போகிறது. சீனி இன்னும் எல்லையைத் தாண்டவில்லை.

இங்கேயும் நிலைமை அவ்வளவு வேறில்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் 2005இலிருந்து ஆரம்பப் பள்ளிகளில் நாளுக்கு 20 நிமிட உடலசைவு கட்டாயம். உயர்பள்ளிக்குப் போனால், பட்டம் பெற உடற்கல்வியில் ஒரேயொரு பாடம் போதும். என் பேத்தி அதை ஒன்பதாம் வகுப்பிலேயே எடுத்து முடித்துவிட்டாள். "அது முடிஞ்சுது அம்மம்மா" என்றாள். எனக்கு அந்த யன்னல்தான் ஞாபகம் வந்தது.

2019இல் ஊருக்குப் போனபோது ரீச்சரைப் பார்த்தேன். எண்பது தாண்டியும் கோயிலுக்கு நடந்துதான் போய்வந்தார். என் கொப்பிக் கதையைக் கேட்டுவிட்டு எழும்பி, முற்றத்து மணலில் கைத்தடியால் ஒரு கோடு போட்டார். "பாய் பாப்பம்." சேலையைச் செருகிக்கொண்டு பாய்ந்தேன். மூன்று அடி ஒரு அங்குலம். "எழுதி வை" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கும் போனேன். நாங்கள் அனுப்பிய கிண்ணங்கள் கண்ணாடி அலுமாரியில் மினுங்குகின்றன. ஆனால் ஒரு பீ.ரீ. பாடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து. நாலு பேர் அடிக்கிறார்கள், மற்றவர்கள் வேப்பமரத்தடியில் குந்தியிருக்கிறார்கள். பாய்ச்சல் குழியில் புல் முளைத்துவிட்டது.

வருகிற பொதுக்கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான். இந்த முறை கிண்ணம் வேண்டாம். பிள்ளைக்கு ஒன்றாக நாற்பது கயிறு, பத்துப் பந்து, குழிக்கு இரண்டு லோட் மணல், ஒரு நல்ல அளவு நாடா. சோதனை வகுப்புப் பிள்ளைகளின் பீ.ரீ. பாடத்தை எடுக்கக்கூடாது என்று அதிபருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம். நாடாவை நான் வாங்கிவிட்டேன். முப்பது மீற்றர். யாராவது ஊருக்குப் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.